யானைக்குட்டிக்குச் சீர்வரிசை

யானைக்குட்டியை வளர்ப்பதுகூட அத்தனை கஷ்டமில்லை. அதைச் சங்கரன்கோவிலில் வைத்து வளர்க்க வேண்டியிருந்ததே, அதுதான் பெரும்பாடு. இதை எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அந்த ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் என்னோடு குடியிருந்திருந்தால் ஒருவருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

என் வீட்டுக்காரர் மாட்டு டாக்டர். அதனால் ஊருக்கு நான் டாக்டரம்மா. எனக்கு ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வெளியே போயிருக்கிற நேரத்தில் கோழிக்குக் கழிச்சல், ஆட்டுக்கு மூக்கொழுகல் என்று என்னிடமே வைத்தியம் கேட்பார்கள். நானும் எதையாவது சொல்லி அனுப்புவேன். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள், ஒரு கறவை மாடு, பாதி நாள் வற்றிக் கிடக்கும் கிணறு, இவற்றைக் கட்டி மேய்ப்பதற்கே எனக்குப் பொழுது போதாது. யானை வேண்டுமென்று நான் யாரிடமும் போய் நிற்கவில்லை.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டங்களுக்கு யானைக்கூட்டம் ஒன்று தண்ணீர் தேடி இறங்கியிருக்கிறது. கைப்பிடிச்சுவர் இல்லாத தோட்டக் கிணற்றில் தாய் யானை ஒன்று விழுந்து செத்துப்போனது. தோட்டக்காரர்கள் வெடி போட்டதில் மற்ற யானைகள் மலையேறிவிட்டன. செத்த யானையின் குட்டி மட்டும் கிணற்றங்கரையை விட்டு நகரவில்லை. பாறையில் உரசிப் பின்னங்காலில் ஆழமான காயம். அந்தக் குட்டியைத்தான் பாரஸ்டர் ஒரு லாரியில் வைக்கோல் பரப்பி நிற்கவைத்து, எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

"காயம் ஆறுனதும் கூட்டிட்டுப் போயிருதேன் டாக்டர். ரெண்டு வாரம், அவ்வளவுதான்" என்றார்.

அரசாங்கத்தில் இரண்டு வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் கட்டிக்கொண்டு வந்தவரும் அரசாங்கம்தானே. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "நம்ம தொழுவத்துல நிக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டார். எங்கள் மாடு யானைக்குட்டியை ஒரு பார்வை பார்த்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு கழுகுமலை ரோட்டில் ஓடியது. மறுநாள்தான் பிடித்து வந்தார்கள். அதற்கப்புறம் அந்தத் தொழுவத்துக்குள் அது காலெடுத்து வைக்கவேயில்லை, பாலும் பாதியாகக் குறைந்துவிட்டது.

குட்டி என் இடுப்பு உயரம்தான் இருந்தது. தலையெல்லாம் முள்ளு முள்ளாக மயிர். பெண் குட்டி. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது போட்ட கூப்பாட்டில் என் இரக்கமெல்லாம் ஒரே நாளில் காலியாகிவிட்டது. பசும்பால் கொடுத்தோம், பேதியானது. தண்ணீர் விலாவிக் கொடுத்தோம், அதற்கும் பேதி. என் வீட்டுக்காரர் யார் யாரிடமோ கேட்டு வந்து, குழந்தைகளுக்குக் கொடுக்கிற பால்மாவு, வடிகட்டின கேப்பைக் கூழ், இளநீர், குளுக்கோஸ் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்து, கடைசியில் ஒரு பக்குவம் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவர் அவர். காய்ச்சி, ஆற்றி, சைக்கிள் டியூப் மாட்டின பாட்டிலில் ஊற்றிப் புகட்டியவள் நான்.

அதையும் அது சும்மா குடிக்காது. யானைக்குட்டிகள் தாயின் வயிற்றில் முட்டிக்கொண்டுதான் பால் குடிக்குமாம். அதற்காக உத்தரத்திலிருந்து ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். சாக்கை அது சீந்தவில்லை. அதற்கு என் வயிறுதான் வேண்டும். நான் சுவரில் முதுகைக் கொடுத்து நிற்பேன். அது நெற்றியால் முட்டும். நான் திட்டுவேன். அது குடிக்கும்.

"ஏட்டி மூதேவி, மெதுவா முட்டு. ரெண்டு பெத்த வயிறு இது. உனக்கு முட்டுக்கொடுக்கன்னு வரமா வாங்கி வந்திருக்கேன்? குடி. கீழ சிந்துன, தோல உரிச்சிருவேன்."

நான் திட்டுகிற வரைக்கும் நன்றாகக் குடிக்கும். மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நிறுத்தினால் அதுவும் குடிப்பதை நிறுத்திவிட்டு, 'ஏன் நிறுத்திவிட்டாய்' என்பதுபோல நிமிர்ந்து பார்க்கும். எங்கள் வீட்டில் நான் சொல்கிறதை முழுசாகக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

காயம் லேசில் ஆறவில்லை. அதற்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. மழைக்காலத்தில் அந்தக் கூட்டம் மறுபடி அடிவாரத்துக்கு இறங்கும்போது குட்டியை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சேரவில்லையென்றால் ஆனைமலைப் பக்கத்து வளர்ப்பு யானை முகாமுக்கு அனுப்பிவிட வேண்டும். பாரஸ்டர் வந்து சொன்னார். அவர் குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும், சத்தமே கேட்காது.

"முகாமுக்குப் போச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் கால்ல சங்கிலிதாம்மா. அதனால கூட்டத்தோட சேத்துரணும். அதுக்கு மனுசப் பழக்கமே இருக்கக் கூடாது. மனுசனக் கண்டா அது மெரண்டு ஓடணும்."

"ஓடலன்னா?"

"தோட்டத்துக்குள்ள பூந்து ஆளுங்க முன்னாடி வந்து நிக்கும். வெடியோ குண்டோ பட்டுச் சாவும். அவ்வளவுதான்."

அன்றைக்கே நான் வாசலில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரை நிறுத்தி, ஈ காக்கை உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சொன்னது யாரிடம்? சங்கரன்கோவிலிடம்.

அந்த ஊரில் வெள்ளிக்கிழமையானால் கோயிலில் மாவிளக்கு எடுப்பார்கள். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழித்து நெய்த்திரி போட்டு ஏற்றுகிற விளக்கு. விளக்கு அணைந்ததும் அந்த மாவு பிரசாதம். சாமி கும்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போகலாமல்லவா? மாட்டார்கள். தட்டோடு எங்கள் வாசலுக்கு வருவார்கள். பிள்ளையாரே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பெண் குட்டி என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். சாமியில் ஆணென்ன பெண்ணென்ன என்றார்கள்.

பக்கத்து வீட்டு மதினிதான் இதற்கெல்லாம் தலைவி. எங்களுக்கு எந்த விதத்திலும் சொந்தமில்லை. முதல் நாளே என்னை "மதினி" என்று கூப்பிட்டு, நானும் அப்படியே கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

"மதினி, ஒரு உருண்ட மாவுதான். அம்மனுக்குப் படச்சது. அத வேண்டாம்னு சொல்லுதியளே!"

"நெய்யும் வெல்லமும் அதுக்கு ஆகாது மதினி. வயித்தால போகும். போனா நானுல்லா அள்ளணும்?"

"சாமி பிரசாதம் யாருக்கு என்ன செஞ்சிருக்கு?"

நான் அசந்த நேரம் பார்த்து ஊட்டியும் விட்டாள். அடுத்த நாள் காலையில் அந்தப் பிரசாதம் என்ன செய்தது என்பதைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாவம், கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் புற்றுமண். கோயில் புற்றுமண் எந்தப் புண்ணையும் ஆற்றும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் அதில் சண்டையில்லை. நானே நெற்றியில் இட்டிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் காலையில் மருந்து வைத்துக் கட்டிவிட்டுப் போவார். மத்தியானம் வந்து பார்த்தால் கட்டு அவிழ்ந்திருக்கும், காயம் முழுக்க மண் அப்பியிருக்கும். யார் செய்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கால் ஆற அத்தனை மாதம் ஆனதற்கு அந்தப் புண்ணியவான்கள்தான் காரணம். கடைசியில் கால் ஆறியதும், பார்த்தீர்களா, புற்றுமண்ணின் மகிமை என்று என்னிடமே வந்து சொன்னார்கள்.

யானை முடியில் மோதிரம் செய்து போட்டால் பயம் தெளியுமாம். குட்டியின் வாலில் இருந்ததே கொஞ்சம் முடி. அதிலும் பாதியை யாரெல்லாமோ பிடுங்கிக்கொண்டு போனார்கள். அது அலறுகிற சத்தம் கேட்டுக் கரண்டியோடு ஓடுவேன். அதற்குள் ஆள் சுவரேறியிருப்பான். குழந்தைகளுக்குப் பயம் தெளிய யானையின் வயிற்றுக்கடியில் ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்குவார்கள். கோயில் யானை என்றால் சரி. இதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தலையணை நுழையாது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் துண்டை விரித்து, அதில் குழந்தையைப் படுக்கவைத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்தது. பாதி வழியில் குட்டி மூத்திரம் பெய்துவிட்டது. குழந்தை வீல் என்று கத்துகிறது, தகப்பன் இரண்டு கையாலும் கும்பிடுகிறான்.

ஆடித்தபசு வந்தபோது எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம். சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் வருகிற திருவிழா. தபசுக் காட்சியைப் பார்த்துவிட்டு, அடுத்தது எங்கள் தொழுவம். சுற்றிலும் பனையோலைத் தட்டி கட்டினோம். தட்டியில் ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். நான் ஓட்டையை அடைத்தால் என் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக நாலு பேரைக் கூட்டி வருவார்.

"ஏளா, சிவகிரியிலருந்து வந்திருக்காவ. ஒரு நிமிசம் பாத்துட்டுப் போகட்டுமே."

"பாருங்க, நல்லாப் பாருங்க. எல்லாரும் பாத்துப் பாத்துத்தான் அது சங்கிலியில சாகப்போவுது."

அவர் முகம் வாடிப்போகும். கெட்ட மனுஷரில்லை. முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல வாய் வராத மனுஷர். அப்படிப்பட்டவர்களோடு குடித்தனம் நடத்துகிறவர்கள்தான் ஊருக்கெல்லாம் கெட்டவர்கள் ஆகிறார்கள். 'டாக்டர் தங்கமானவர், அந்தம்மாதான் ஒரு மாதிரி' என்று என் காதுபடவே பேசினார்கள்.

ஆவணியில் ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தொழுவம் வரை ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், அத்தனை பேர் கையிலும் வாழைப்பழம். முன்னால் போய்ப் பார்த்தால், ஒவ்வொருவராகப் பழத்தைக் கொடுக்க, குட்டி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, தும்பிக்கையைத் தூக்கி அவரவர் தலையில் வைக்கிறது. பக்கத்தில் கம்பவுண்டர், கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நிற்கிறார்.

"பாத்தியளாம்மா, எம்புட்டு அறிவு! ஒரு வாரந்தாம்மா சொல்லிக் குடுத்தேன். கப்புனு புடிச்சிக்கிட்டு."

பையை அங்கேயே போட்டேன். அரிசி கொட்டிப்போனது. "இது காட்டுக்குப் போக வேண்டிய உசிருய்யா! கண்ட கண்ட ஆள் தலையில எல்லாம் தும்பிக்கைய வைக்கப் பழக்கியிருக்கீரு. நாளைக்குத் தோட்டக் காவக்காரன் வெடியோட நிப்பான், அவன் தலையிலயும் போய் வைக்கும். நீரு வந்து நடுவுல நிப்பீரா?" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் மெல்லக் கலைந்தார்கள். கம்பவுண்டர் அழுதுவிட்டார். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்திருக்கிறார் மனுஷர். எனக்கு அன்றைக்கு இரக்கமே வரவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே குட்டி என்ன செய்தது தெரியுமா? நான் கத்துகிற சத்தம் கேட்டதும் பழத்தையெல்லாம் விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே ஓடிவந்து என் வயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது. பாரஸ்டர் அந்த நேரம் பார்த்து வந்திருந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார்.

"அம்மா, ஊர்க்காரங்கள வைய்யுதியளே. அது அவங்ககிட்ட பழத்துக்குத்தான் போவுது. உங்க சத்தத்துக்குல்லா உசிர விட்டு ஓடியாருது."

எனக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து புதுச் சட்டம். தட்டியெல்லாம் இரட்டையாகக் கட்டினோம். கால்கட்டு மாற்றக் கம்பவுண்டர், பால் புகட்ட நான், வேறு யாரும் உள்ளே போகக்கூடாது. அடிவாரத்திலிருந்து யானை லத்தியைப் பாரஸ்டர் சாக்கில் கட்டி அனுப்புவார். அதைக் கரைத்து ஊறப்போட்ட கோணிச்சாக்கைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டுதான் நாங்கள் உள்ளே போக வேண்டும். மனுஷ வாடை அடிக்கக்கூடாதல்லவா? குட்டியின் மேலும் அதையே பூச வேண்டும். என் பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். தலைக்கு எத்தனை சீயக்காய் போட்டாலும் போகவில்லை.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. உள்ளே போனால் வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான் என்னைக் கொன்றது. ஒரு வேலையைப் பேசாமல் செய்து எனக்குப் பழக்கமே இல்லை. தோசை சுட்டால் தோசையோடு பேசுவேன். இப்போது பாட்டிலை நீட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும். முதல் நாள் குட்டி குடிக்கவில்லை. சாக்கை இழுத்துப் பார்த்தது. என் முகத்தைத் தும்பிக்கையால் தடவி, வாய் இருக்கிற இடத்தில் நிறுத்தி, காத்திருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாளும் குடிக்கவில்லை. நான் வெளியே வந்து, கிணற்றடியில் காலிக் குடத்தைப் பார்த்து, அதற்குச் சொல்ல வேண்டிய அத்தனை வசவையும் சொல்லித் தீர்த்தேன். என் வீட்டுக்காரர் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அது தொங்கின சாக்கில் முட்டிக்கொண்டு கொஞ்சம் குடித்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் வயிற்றெரிச்சல்.

புரட்டாசி முழுக்க இப்படியே போனது. தழை தின்னப் பழகியது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கேட்டால் இப்போது மூலையில் போய் ஒதுங்கியது. பாரஸ்டருக்குத் திருப்தி. ஆனாலும் நான் வருகிற காலடி மட்டும் அதற்குத் தெரியும். எத்தனை சாக்கைப் போர்த்தினால் என்ன?

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் புளியங்குடி பஸ் கண்டக்டரிடம் பாரஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்: கூட்டம் இறங்கியிருக்கிறது, மத்தியானம் குட்டியைக் கொண்டுவாருங்கள், யாருக்கும் தெரிய வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதைக் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பின மனுஷரை என்ன சொல்ல? புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வரை ஏறி இறங்கின அத்தனை பேருக்கும் அந்தக் கண்டக்டர் அதை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

லாரி வருவதற்கு முன்னால் ஊர் வந்துவிட்டது. நான் அடுப்படியில் கடைசி பாட்டிலுக்குக் கூழ் வடிகட்டிக்கொண்டிருந்தேன். வெளியே நாதஸ்வரச் சத்தம். முதலில் நம்பவில்லை. போய்ப் பார்த்தால், மதினி முன்னால் வருகிறாள், தலையில் தாம்பாளம். பின்னால் வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு தட்டு. தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு, மஞ்சள் கிழங்கு, பந்து பந்தாகப் பிச்சிப்பூ, ஒரு தட்டில் சிவப்புப் பட்டுத்துணி. யாரோ முறுக்குச் சுட்டு ஓலைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். யானைக்கு முறுக்கு!

"என்ன மதினி இது?"

"பொம்பளப் பிள்ளைய அனுப்புதோம். வெறுங்கையோடயா அனுப்ப முடியும்? சீர் செய்யாம அனுப்புனா அங்கன உள்ள யானைக நம்மள என்ன நெனைக்கும்?"

கரண்டியோடு மறிக்க ஓடினேன். அதற்குள் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். குட்டி மூலையில் ஒடுங்கி நடுங்கியது. அதைச் சுற்றி நின்று குலவை போட்டார்கள். நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம், உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர், கழுத்தில் பிச்சிப்பூ மாலை, காலில் கறுப்புக் கயிறு, அந்தக் கயிற்றில் ஒரு மணி. மாதக்கணக்காக நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பூசின லத்தியெல்லாம் ஐந்து நிமிஷத்தில் போய், குட்டி கல்யாணப் பந்தல் மாதிரி மணத்தது. மதினி அதன் காதைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "போயிட்டு வா மக்கா. நல்லாருந்து வா" என்றாள். எல்லாரும் சேர்ந்து, "போயிட்டு வா, போயிட்டு வா" என்றார்கள்.

"வரக்கூடாதுன்னுதாம் மதினி இம்புட்டுப் பாடு! போகட்டும்னு சொல்லுங்க, போதும்" என்று கத்தினேன்.

"பிள்ளைய யாராவது போன்னு சொல்லுவாவளா?" என்று என்னைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள்.

லாரியில் அது ஏறமாட்டேன் என்றது. என்னைத்தான் முதலில் ஏற்றினார்கள், பின்னாலேயே ஏறியது. என் வீட்டுக்காரரும் கம்பவுண்டரும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். எங்களுக்குப் பின்னால் ரைஸ்மில் லாரியில் ஊர்ச் சனமும் நாதஸ்வரமும் தட்டுகளும் புறப்பட்டு வந்தன. நான் தொண்டை கிழியக் கத்தியும் திரும்பவில்லை. அடிவாரத்துக் கடைசி ஊரில் பாரஸ்டர் நடுரோட்டில் ஜீப்பை நிறுத்தி அவர்களை மறித்தார். அவர் குரலை உயர்த்தினதை அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்கப்புறம் ஓடையில் குட்டியை நிறுத்தி, சந்தனத்தைச் சுரண்டி, மாலையை அறுத்து, மணியைக் கழற்றி, மழைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி லத்தியும் சேறும் பூசினோம். கம்பவுண்டர் அதன் காதுமடல் வரைக்கும் தேய்த்தார். பிச்சிப்பூ வாசம் கடைசி வரை முழுசாகப் போகவில்லை.

வெளிச்சம் இன்னும் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் காட்டுக்குள் கூட்டம் நின்றது. கிளை ஒடிகிற சத்தம் கேட்டது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குட்டிக்கும் கேட்டது. காதை விரித்துக்கொண்டு ஓடை நடுவரைக்கும் போனது. அங்கிருந்து திரும்பி, நான் நிற்கிற இடத்தைப் பார்த்தது. ஓடி வந்துவிட்டது.

மறுபடி கொண்டுபோய் விட்டோம். மறுபடி வந்தது. கம்பவுண்டர் தகரத்தைத் தட்டி விரட்டினார். பயந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்தது. மழை வேறு தூற ஆரம்பித்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை மாதம் கட்டிவைத்திருந்த வாயை அவிழ்த்துவிட்டேன்.

"போ சனியனே! உன் சனம் அங்கன நிக்கி, இங்கன எவ இருக்கான்னு வாரே? உனக்குச் சோறு போட்டு எனக்கு என்ன மிச்சம்? போடி! இனி என் மூஞ்சியில முழிக்காத!"

அது என்னைப் பார்த்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி துள்ளி ஓடிவந்து என் வயிற்றில் முட்டியது. அவ்வளவு நாள் கழித்து என் திட்டைக் கேட்டதில் அதற்கு அத்தனை சந்தோஷம்.

பாரஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னைக்கு விட்டா கூட்டம் மேல ஏறிரும்மா. நாளைக்கு முகாமுக்கு வண்டி சொல்லணும்" என்றார். "நீங்க இருக்கது தெரியற வரைக்கும் அது போகாது. ஜீப்புக்குள்ள படுங்க. என்ன நடந்தாலும் சத்தம் கொடுக்காதிய."

ஜீப்பின் பின்பக்கத்துத் தரையில் படுத்தேன். மேலே ஈரத் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். மற்றவர்கள் பாறைக்குப் பின்னால் போய்விட்டார்கள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குட்டி கூப்பிட ஆரம்பித்தது. தொழுவத்தில் பசிக்குப் போடுகிற அதே சத்தம். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றியது. தார்ப்பாயின் விளிம்பை இழுத்தது. இடுக்கில் தும்பிக்கையை விட்டுத் துழாவி, என் பாதத்தைப் பிடித்துவிட்டது. பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அதன் மூச்சு சூடாக என் காலில் பட்டது. 'இருக்கேன்டி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். விரலைக்கூட அசைக்கவில்லை. அது காத்திருந்தது. வெகுநேரம் காத்திருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய யானையின் உறுமல் வந்தது. சத்தமாக இல்லை, ஜீப்பின் தகரம் அதிர்கிற மாதிரி அடித்தொண்டையில். என் பாதத்தில் பிடி தளர்ந்தது. தண்ணீருக்குள் கால் வைக்கிற சத்தம். அப்புறம் மூங்கில் சடசடவென்று விலகியது. அப்புறம் மழை மட்டும்.

பாரஸ்டர் வந்து தார்ப்பாயை விலக்கினார். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டும்மா. பெரியவ ஒருத்தி தண்ணிக்குள்ளயே எறங்கி வந்து மோந்து பாத்தா. தும்பிக்கையப் போட்டு வளைச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா."

வாயிலிருந்து முந்தானையை எடுத்தேன். "திரும்பிப் பாத்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"நல்லதாப் போச்சு" என்றேன். அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, அதற்குப் பின்னாலும் வந்ததில்லை.